பெருஷோவின் சிவப்பு

"செத்தவன் கையெழுத்துப் போட மாட்டான். அதுக்குத்தான் முத்திரை," என்று சொல்லிவிட்டு கோர்வே வாயிலிருந்த சோம்பு மிட்டாயை நறுக்கென்று கடித்தார்.

ஏல மாளிகைக்கு எதிரே இருந்த காப்பிக் கடையில் நாங்கள் மூன்று பேர் உட்கார்ந்திருந்தோம். வெளியே பாரிஸின் பிப்ரவரி. மழை என்றும் சொல்ல முடியாது, பனி என்றும் சொல்ல முடியாது, வானத்துக்கு ஜலதோஷம் பிடித்த மாதிரி ஒன்று கொட்டிக்கொண்டிருந்தது.

கோர்வே துப்பறிகிறவர். முன்னாள் போலீஸ். ஒரு மந்திரியின் மச்சானைக் கையும் களவுமாகப் பிடித்ததால் முன்னாள். நான் ஒதீல், அவருடைய உதவியாள், சலவைக்காரி மகள். எங்கள் வம்சத்தில் பட்டப் பரீட்சை எழுதித் தேறிய முதல் ஆள். படித்த ஏழைப் பெண்ணுக்கு இந்த ஊரில் இரண்டே வழி. பணக்கார வீட்டு மந்தப் பிள்ளைக்கு இலக்கணம் சொல்லிக் கொடுக்கலாம், இல்லை பட்டினி கிடக்கலாம். நான் மூன்றாவதாக கோர்வேயைக் கண்டுபிடித்தேன். இரண்டாவது வழியும் அதிலேயே அடக்கம்.

எதிரே உட்கார்ந்திருந்தவள் செவெரின் மொர்லே. தொப்பிப் பட்டறையில் இறகு ஒட்டுகிறவள். விரல் நகங்களில் பசை காய்ந்திருந்தது. முன் வைத்த காப்பியை அவள் தொடவே இல்லை. மேஜையில் விரித்திருந்த செய்தித்தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

செய்தித்தாளில் கறுப்பு மையில் அச்சடித்த ஒரு படம். கட்டிலில் ஒரு சிறுமி படுத்திருக்கிறாள், முகம் மை அப்பிக் கலங்கியிருக்கிறது. கீழே கொட்டை எழுத்தில்: 'உறங்கும் சிறுமி. மறைந்த ஓவியர் ஏமே பெருஷோ உலகுக்கு விட்டுச் சென்ற கடைசிப் பரிசு.'

"பரிசாம்," என்றேன். "அவர் என்னமோ தன் வீட்டுச் சொத்தைக் குடுத்த மாதிரி."

"கத்தாதே ஒதீல். பக்கத்து மேஜைக்காரன் ஆம்லெட்டை விட்டுட்டு உன்னைப் பார்க்கறான்."

"பார்க்கட்டும். ஆம்லெட்டை விட நான் சூடாத்தான் இருக்கேன்."

விஷயம் இதுதான். பெருஷோ போன இலையுதிர் காலத்தில் இறந்து போனார். லாடம் அடிக்கிறவரின் மகனாகப் பிறந்து, ரோமாபுரிக்குப் படிக்கப் போய், பதக்கம் பதக்கமாக வாங்கியவர். நாற்பது வருஷம் சொல்லிக் கொடுத்தார். இன்று பாரிஸில் தூரிகை பிடிக்கிறவர்களில் பாதிப் பேர் அவரிடம் திட்டு வாங்கியவர்கள். அவர் போனதும் தம்பி மகன் கஸ்தோன் ஓவியக் கூடத்தைத் திறந்து, கையெழுத்தில்லாத படங்கள் எல்லாவற்றின் மூலையிலும் சிவப்பு மையில் 'ஏ. பெருஷோ' என்று முத்திரை குத்திவிட்டான். அது இங்கே வழக்கம். முத்திரை விழுந்தால் அது அவர் படம். மாணவர்கள் விட்டுப் போன படங்கள் மேலும் அது விழும். யார் கேட்பது?

இவள் கேட்டாள். படத்தில் இருப்பது தன் மகள் நினெத் என்றாள். தொண்டை அடைப்பான் வந்து செத்துப்போன அன்று காலை, தான் வரைந்தது என்றாள். மகளுக்கு வேறு படம் கிடையாது. போட்டோ எடுக்க வசதியில்லாதவர்கள்.

"இன்னிக்கு மத்தியானம் ஏலச் சுத்தியல் விழுந்தா, அவளை சிகாகோவுக்குக் கொண்டு போயிடுவாங்களாம்," என்றாள் செவெரின். "மாட்டிறைச்சி முதலாளி யாரோ ஒருத்தர் கேட்டிருக்காராம். எனக்கு அவ மூக்கு மறந்து போச்சு, முசே. மத்ததெல்லாம் ஞாபகம் இருக்கு. மூக்கு மட்டும் வரமாட்டேங்குது."

கோர்வே மிட்டாய்ப் பொட்டலத்தை அவள் பக்கம் தள்ளினார். அவருக்கு ஆறுதல் சொல்லத் தெரிந்தது அவ்வளவுதான்.

"படம் அவர்கிட்ட எப்படிப் போச்சு?"

"நான்தான் கொண்டு போனேன். ஈரத்தோட. அவர்கிட்ட வாரத்துல ரெண்டு நாள் படிச்சேன், பொம்பளைங்க வகுப்புல."

"ஆம்பளைங்களை விட ரெட்டைக் கட்டணம்," என்றேன். "நமக்குக் கண்ணு நாலு இல்லையா, அதான்."

"ஒதீல்."

"சரி முசே."

செவெரின் லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது. "எதைச் செஞ்சாலும் அவர்கிட்ட காட்டணும். அப்படிப் பழகிப் போச்சு. சவப்பெட்டி வர நேரமாகும்னாங்க. நான் நேரா அவர்கிட்ட போனேன். பார்த்தார். ஒண்ணுமே சொல்லலை. 'காயட்டும், மொர்லே. விட்டுட்டுப் போ'ன்னார். அப்புறம் போய்க் கேட்டேன். 'இன்னும் காயலை, மொர்லே.' அடுத்த மாசம் போனேன். 'இன்னும் காயலை.' அஞ்சு வருஷம்."

"எந்த எண்ணெய்ச் சாயம்ங்க அஞ்சு வருஷம் காயாம இருக்கும்?"

"தெரியும் மத்மொசேல். எனக்குத் தெரியும்னு அவருக்கும் தெரியும். கையை நீட்டிக் கேட்டிருந்தா குடுத்திருப்பார்." செய்தித்தாளை மடித்தாள். "குடுத்தா எந்தச் சுவத்துல மாட்டறது? தினமும் எப்படிப் பார்க்கறது? அவர் வச்சிருக்கார், அவ எங்கேயோ இருக்கான்னு இருந்துட்டேன். அவர் சாவார்னு தோணவே இல்லை."

"ஆள் எப்படி? ரொம்பக் கண்டிப்பானவரா?"

"ஈரப் படம்னா கத்தியால சுரண்டிடுவார். அழுவோம். காஞ்ச படம்னா அப்படி இல்லை. வார்னிஷ்ல துளி சாயத்தைக் கலந்து, தப்பா இருக்கற இடத்துல மட்டும் மேலாகப் பூசிக் காட்டுவார். அது டர்பன்டைன் தொட்ட துணி பட்டாலே போயிடும். 'பிடிக்கலைன்னா துடைச்சிடு'ம்பார். யாரும் துடைச்சதில்லை. எப்பவும் அவர் சொன்னதுதான் சரியா இருக்கும்."

"அதுதான் எரிச்சல்," என்றேன்.

கோர்வே எழுந்தார். "மதாம், உங்களை உள்ளே விடமாட்டாங்க. அந்தத் தம்பி மகன் வாசல்ல சொல்லி வச்சிருக்கான். இங்கேயே இருங்க. அந்த அறையில அன்னிக்கு இருந்த ஒருத்தருக்கு மட்டுமே தெரியற மாதிரி ஏதாவது ஒண்ணு படத்துல இருக்கணும். அது கிடைச்சா முத்திரையைத் தூக்கிப் போட்டுடலாம்."

"நான்தான் எல்லாத்தையும் சொன்னேனே. கட்டில், ஜன்னல், போர்வை..."

"அது செய்தித்தாளைப் பார்த்த எல்லாருக்கும் தெரியும் மதாம். சுவத்துல ஏதாவது?"

யோசித்தாள். "ஒண்ணுமில்லை முசே. வெறும் சுவர்."

*

ஏல மாளிகையின் பெரிய கூடம் ஈரக் கம்பளி நாற்றம் அடித்தது. நான்கு சுவரிலும் பெருஷோவின் பெரிய படங்கள். ரோமாபுரிச் சண்டைகள், குதிரைகள், மேகத்தில் சாய்ந்து கிடக்கும் கொழுத்த தேவதைகள். அவற்றின் முன் ஒரு ஈ காக்கை இல்லை.

"இந்த சீசரைப் பாரு," என்றார் கோர்வே. "எங்க பழைய கமிஷனர் மாதிரியே இருக்கான். குத்து வாங்கறப்பவும் பென்ஷனைப் பத்தி யோசிக்கறான்."

"நாப்பது வருஷம் வரைஞ்சிருக்கார் முசே. ஒருத்தர் நின்னு பார்க்கலையே."

"அங்கே பாரு."

மூலையில் கூட்டம். கைக்குட்டைகள். சீமாட்டிகள் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்கள். கோர்வே தன் வயிற்றை முன்னால் விட்டு வழி செய்தார். அது நல்ல வயிறு, கூட்டத்தில் பயன்படும்.

படம் சின்னது. நான் நினைத்ததை விட ரொம்பச் சின்னது. கட்டிலில் ஆறு வயசுப் பிள்ளை. போர்வைக்கு மேலே இரண்டு கை. சின்ன ஜன்னலிலிருந்து விடிகாலை வெளிச்சம். தலைமாட்டுச் சுவரில் சாம்பல் நிறத் துணி ஒன்று தொங்கியது. கீழ் மூலையில் சிவப்பு முத்திரை. அதற்கு மேல் என்னால் பார்க்க முடியவில்லை. கண்ணைத் துணிப் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

பக்கத்தில் ஒரு தாடிக்காரர் தன் மனைவிக்கு வகுப்பெடுத்துக்கொண்டிருந்தார். "அந்தத் திரைச்சீலையைக் கவனி. பின்னணிக்கு ஒரு திரை. ஓவியக் கூடத்துல எப்பவும் தொங்க விடுவோம். மடிப்பைப் பாரு, அதுதான் பெருஷோ."

நானும் மடிப்பைப் பார்த்தேன். துணி துவைக்கிறவள் மகளுக்கு மடிப்பைப் பற்றி யாரும் சொல்லித் தர வேண்டாம். இந்தத் துணி சுவரோடு ஒட்டித் தொங்கவில்லை. மேல் விளிம்பு சுவரை விட்டு முன்னால் தள்ளி நின்றது, கீழ்ப்பக்கம் சுவரைத் தொட்டது. துணிக்குள் ஏதோ ஒன்று முன்பக்கமாகச் சாய்ந்திருந்தது. நேர் விளிம்பு உள்ள ஏதோ ஒன்று. அதற்கு மேலே ஓர் ஆணி. ஆணியிலிருந்து இரண்டு பக்கமும் இறங்கும் கயிறு.

எங்கள் அப்பா செத்த அன்று, நாற்காலி மேல் ஏறி நான்தான் அதைச் செய்தேன். கைக்கு அகப்பட்டது வாடிக்கைக்காரர் வீட்டு மேஜை விரிப்பு.

"முசே. அது திரை இல்லை."

"பின்னே?"

"முகம் பார்க்கற கண்ணாடி. மூடியிருக்காங்க."

அவர் மெல்வதை நிறுத்தினார்.

எங்கள் பக்கம் சாவு வீட்டில் முதல் வேலை அதுதான். உடம்பைக் கழுவுவதற்கு முன்னால், பாதிரியாருக்கு ஆள் அனுப்புவதற்கு முன்னால், யாராவது ஒருத்தர் எழுந்து கண்ணாடியை மூடுவார்கள். செவெரின் வெறும் சுவர் என்றாளே, பொய்யில்லை. மூடிய கண்ணாடி சாவு வீட்டில் கண்ணில் படாது. அது மூடாமல் இருந்தால்தான் படும். இந்தக் கூடத்தில் நிற்கும் அத்தனை பேர் வீட்டிலும் யாரோ செத்திருக்கிறார்கள், அத்தனை பேரும் கண்ணாடியை மூடியிருக்கிறார்கள். ஆனால் ஓவியம் என்று பெயர் வைத்து சட்டம் போட்டு மாட்டினால், துணியெல்லாம் திரைச்சீலை ஆகிவிடுகிறது.

"தூங்கற பிள்ளைக்கு யாரும் கண்ணாடியை மூட மாட்டாங்க," என்றார் கோர்வே மெல்ல. "ஒதீல், உன் பட்டம் வீண் போகலை."

"இது பட்டம் சொல்லிக் குடுத்தது இல்லை முசே."

*

ஏலக்காரர் ஒல்லியான மனிதர், மூக்குக் கண்ணாடிக்குப் பின்னால் நேர்மையான கண்கள். கோர்வே சொன்னதைக் கேட்டுவிட்டு படத்தின் அருகே போய்க் குனிந்தார். நிமிர்ந்தபோது முகம் மாறியிருந்தது.

"கடவுளே. எங்கம்மா போனப்ப நானே மூடினேன். எப்படித் தெரியாமப் போச்சு?" அவர் குரல் தாழ்ந்தது. "அப்போ இந்தப் பிள்ளை..."

"என்ன இங்கே கூட்டம்?"

கஸ்தோன் பெருஷோ. மெழுகு தடவிய மீசை, எலுமிச்சை நிறக் கையுறை. துக்கத்துக்குக் கறுப்புப் பட்டை மட்டும் கையில். விஷயத்தைக் கேட்டதும் சிரித்தான்.

"அந்த இறகு ஒட்டறவ அனுப்பிச்ச ஆளுங்களா? சரி, அது கண்ணாடின்னே வச்சுக்குவோம். பெரியப்பா ஏதோ பழைய துணியைக் கண்ணாடி மேல போட்டிருப்பார். ஏன் மத்மொசேல், நீங்க அந்தத் துணியையே பார்த்துட்டிருந்தீங்களா? பிள்ளை முகத்தையும் கொஞ்சம் பாருங்களேன்."

பார்த்தேன்.

கன்னம் சிவந்திருந்தது. தூக்கத்தில் தலையணையில் அழுந்திய பிள்ளைக் கன்னம், உள்ளிருந்து சூடு ஏறிய சிவப்பு. உதடு செர்ரிப் பழம் தின்றுவிட்டுத் தூங்கிய உதடு. இப்போது மூச்சு விடும் என்று காத்திருக்கத் தோன்றியது.

"செத்த பிள்ளைக்கு யாரு ரத்தம் ஏத்தினது?" என்றான் கஸ்தோன். "மருத்துவக் கல்லூரிக்குச் சொல்லி அனுப்பலாமே."

கூட்டம் சிரித்தது. ஏலக்காரர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தபடி என்னைப் பார்க்காமல் சொன்னார்: "மன்னிக்கணும். இந்தப் பிள்ளை உயிரோட இருக்கு."

*

நான் சாலையைத் தாண்டியது எனக்கே தெரியாது. காப்பிக் கடைக் கதவை உதைத்துத் திறந்து அவள் முன்னால் போய் நின்றேன்.

"உங்க பொண்ணு சாகறப்ப கன்னம் என்ன நிறம்?"

"ஒதீல்!" பின்னால் மூச்சு வாங்க கோர்வே வந்தார்.

"சொல்லட்டும் முசே! உள்ளே எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரிச்சாங்க. நான் நம்பிப் போனேன்."

செவெரின் கோபப்படவில்லை. விலை கேட்டால் சொல்கிற மாதிரி நிதானமாகச் சொன்னாள்.

"நெத்தி மெழுகு மாதிரி. கன்னத்துல வெள்ளையும் கறுப்பும், கொஞ்சம் பச்சை கலந்தேன். உதட்டுக்கு நீலம். எந்த நீலம்னு தெரியாம ரெண்டு மூணு கலந்து பார்த்தேன். 'தெரிஞ்சதை வரையாதே, கண்ணுல படறதை வரை'ன்னு அவர்தான் சொல்லிக் குடுத்தாரு. அதான் செஞ்சேன்." கைகளைப் பார்த்தாள். "கை நடுங்கவே இல்லை மத்மொசேல். பெத்தவ கை. சரியான நீலம் கிடைச்சப்ப, ஒரு நிமிஷம் சந்தோஷமா இருந்தது. அதை நான் யாருகிட்டயும் சொன்னதில்லை."

என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன்.

"படத்துல சிவப்பா இருக்கு," என்றேன். "கன்னமும் உதடும்."

"சிவப்பா?" அவள் செய்தித்தாளைத் தேடி எடுத்தாள். கறுப்பு மை. அதில் எந்த நிறமும் இல்லை. "இல்லையே. நான் சாயப் பலகையில சிவப்பே வைக்கலையே. வேண்டியிருக்கலை."

கோர்வே உட்காரவில்லை. நின்றபடியே கேட்டார்.

"மதாம், காஞ்ச படத்தை அவர் எப்படித் திருத்துவார்னு சொன்னீங்க?"

கடையில் யாரோ கரண்டியைக் கீழே போட்டார்கள். அவள் செய்தித்தாளைத் திரும்ப மேஜையில் வைத்தாள். எனக்கும் அப்போதுதான் விளங்கியது.

"காஞ்சதும் திருத்தியிருக்கார்," என்றார் கோர்வே. "அவர் வழக்கப்படி. தன் சொந்தப் படத்துல யாரும் துடைச்சாப் போற சாயத்தைப் பூச மாட்டான். அந்தச் சிவப்பு துணியில வந்துட்டா, அது மாணவர் படத்து மேல வாத்தியார் போட்ட திருத்தம். முத்திரை செல்லாது. படம் உங்களுது."

"அப்போ சீக்கிரம் போகலாம் முசே!" என்று எழுந்தேன்.

நின்றுகொண்டிருந்த கோர்வே நகரவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மதாம், நான் சொல்றது புரியுதா? துடைக்கணும். அந்தச் சிவப்பை."

*

கஸ்தோன் வாசலில் மறித்தான். ஏலக்காரர் விலகச் சொன்னார். "சந்தேகத்தோட நான் சுத்தியலைத் தூக்க மாட்டேன் முசே. அப்புறம் என் பேர் என்ன ஆகறது?"

"பெரியப்பா வரைஞ்சதைத் துணியால துடைச்சாப் போயிடுமா?" கஸ்தோன் சுற்றிப் பார்த்துக் கையை விரித்தான். "வருஷக்கணக்கா காஞ்ச எண்ணெய் ஓவியம். துடைக்கட்டுமே. போகலைன்னா இவளைப் போலீஸ்ல குடுப்பேன்."

கோர்வே கூடத்தின் நடுவில் போய் நின்றார். பழைய போலீஸ் குரலை எடுத்தார்.

"பெருஷோகிட்ட படிச்சவங்க இங்கே யாராவது இருக்கீங்களா?"

முதலில் தாடிக்காரர் கை தூக்கினார். பிறகு தூணோரம் ஒருவர். பிறகு கம்பளிச் சால்வை போட்ட இரண்டு பெண்கள். பார்த்துக்கொண்டே இருந்தபோது கூடத்தில் பாதிக் கைகள் மேலே இருந்தன. நரைத்தவை, இளசானவை, பதக்கம் வாங்கியவை, பசை ஒட்டியவை.

"காஞ்ச படத்தைத் திருத்திட்டு அவர் என்ன சொல்வார்?"

யாரும் யோசிக்கவில்லை. யாரும் ஒருவரை ஒருவர் பார்க்கவும் இல்லை. ஒரே குரலில் வந்தது:

"பிடிக்கலைன்னா துடைச்சிடு."

சிலர் சிரித்தார்கள். ஒரு கிழவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். கஸ்தோனின் கை மீசைக்குப் போய் அங்கேயே நின்றுவிட்டது. அவன் பெரியப்பாவிடம் ஒரு நாளும் பாடம் படித்தவனில்லை.

செவெரின் படத்தின் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். ஏலக்காரர் தருவித்த டர்பன்டைனில் கோர்வே தன் கைக்குட்டையைத் தொட்டு அவளிடம் நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டாள். கை எழவில்லை.

"தூங்கறா," என்றாள்.

படத்துக்கு இன்னும் நெருங்கிப் போனாள்.

"அஞ்சு வருஷமா இவ தூங்கறதை ஞாபகப்படுத்திப் பார்க்கறேன் முசே. தினமும் என் பக்கத்துலதானே தூங்கினா. ஒண்ணும் வராது. கண்ணை மூடினா அந்த நீலம்தான் வரும், நான் கலந்த நீலம்." குனிந்து பார்த்தாள். "இந்தா இருக்கு மூக்கு. இப்படித்தான் தூங்குவா. இந்த மனுஷன் இவளை உயிரோட பார்த்ததே இல்லை. எப்படித் தெரிஞ்சுது இவருக்கு?"

"மதாம்," என்றார் ஏலக்காரர் மெதுவாக. "துடைக்கலைன்னா நான் விக்கணும்."

எனக்கு எல்லாரையும் அடிக்க வேண்டும் போலிருந்தது. முத்திரை குத்தினவனை, சுத்தியல் பிடித்தவரை, சிகாகோவில் என் கண்ணுக்குத் தெரியாத மாட்டிறைச்சிக்காரனை. எல்லாரையும் விட அந்தச் செத்துப்போன கிழவரை. நாற்பது வருஷம் உண்மையை வரை, உண்மையை வரை என்று ஊரையே அழ வைத்துவிட்டு, ஒரே ஒரு பொய் சொல்லியிருக்கிறார். அதையும் திருப்பிக் கொடுக்கத் தைரியமில்லாமல் ஒளித்து வைத்திருக்கிறார். விட்டால் பிள்ளை தூங்கிக்கொண்டே கடல் தாண்டிப் போய்விடும். வேண்டுமென்றால் தாய் தன் கையால் இரண்டாம் தடவை சாகடிக்க வேண்டும். என்ன சட்டம் இது? இதற்கு எந்த ஊரில் மேல் முறையீடு?

செவெரின் துடைத்தாள்.

இடது கன்னம். ஒரே இழுப்பு, மேலிருந்து கீழாக, குழந்தைக்கு முகம் துடைக்கிற மாதிரி. சிவப்பு துணியோடு வந்துவிட்டது. அடியில் மெழுகும் ஈயமும் லேசான பச்சையும். முன்வரிசையில் கைக்குட்டையோடு நின்ற சீமாட்டி ஒருத்தி ஓரடி பின்னால் போனாள். வலது கன்னத்தையும் துடைத்தாள். இப்போது கூடத்தில் ஒருவருக்கும் சந்தேகமில்லை. சுவரில் தொங்கும் துணியும் திரைச்சீலையாகத் தெரியவில்லை.

தாடிக்காரர் தொப்பியைக் கழற்றினார். அவரைப் பார்த்து மற்றவர்களும் கழற்றினார்கள். கஸ்தோன் கடைசியாக.

"போதும் மதாம்," என்றார் ஏலக்காரர். "படம் உங்களுது. எடுத்துட்டுப் போங்க."

"உதடு பாக்கி இருக்கே," என்றான் கஸ்தோன், ஏதாவது சொல்ல வேண்டுமே என்று.

செவெரின் துணியை மடித்தாள். சிவப்பு உள்ளே போகும்படி மடித்தாள்.

"அது இருக்கட்டும்," என்றாள். "அவர் திருத்தம் எப்பவும் சரியாத்தான் இருக்கும்."

*

வாடகை வண்டியில் மூன்று பேரும் நெருக்கி உட்கார்ந்திருந்தோம். ஜெயித்த வழக்கு. வழக்கமாக ஜெயித்தால் கோர்வே வெங்காய சூப் வாங்கித் தருவார், நான் இரண்டு கிண்ணம் கேட்டு அவர் பர்ஸைப் பற்றி ஏதாவது சொல்வேன். இன்று அவர் மிட்டாயைக் கூட எடுக்கவில்லை. சக்கரம் சேற்றைக் கிழிக்கிற சத்தம் மட்டும்.

"அவ்வளவு பெரிய பெரிய ரோமாபுரி," என்றார் கடைசியில், ஜன்னலைப் பார்த்தபடி. "அந்த மனுஷன் கையால செஞ்சதிலேயே நல்லது அந்தச் சிவப்புதான். அதை நாம துடைச்சுட்டு வந்திருக்கோம்."

"நாம இல்லை முசே," என்றேன். "அவங்க."

"ஆமா. அவங்க."

செவெரின் படத்தை மடியில் நிமிர்த்தி வைத்து, தன் முகத்துக்கு நேராகப் பிடித்திருந்தாள். கைக்குட்டையை அவள் திருப்பித் தரவில்லை. கோர்வேயும் கேட்கவில்லை. வண்டி குலுங்கியபோது அவள் ஒரு விரலை நீட்டிப் பிள்ளையின் கன்னத்தைத் தொட்டாள். டர்பன்டைன் ஈரம் விரல் நுனியில் பளபளத்தது.

"இன்னும் காயலை," என்றாள்.